நிகுஸ்தான்: ஒரு சொல்லாராய்ச்சி

எசேக்கியா அரசன் செய்த சமயச் சீர்திருத்தத்தைக் கூறும் 2 இராஜாக்கள் 18:4இல், திருமறையில் வேறெங்கும் வராத ஒரு சொல் வருகின்றது. மோசே வனாந்தரத்தில் செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு இஸ்ரவேலர் தூபங்காட்டி வந்தனர். அரசன் அதனை உடைத்தெறிந்தான். அதன் பெயர் 'நிகுஸ்தான்'. இச்சொல்லின் பொருள் யாது? அது எதிலிருந்து பிறந்தது? அருளுரை ஆற்றுவோர் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

எபிரெயத்தில் ஒத்த ஓசையுடைய மூன்று சொற்களை நாம் இங்குக் கருதவேண்டும். 'நாஹாஷ்' என்பது பாம்பு. ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் வருவது இச்சொல்லே. 'நெஹோஷெத்' என்பது செம்பையும் வெண்கலத்தையும் குறிக்கும். 'நிஹேஷ்' என்பது குறிபார்த்தலைச் சுட்டும் வினைச்சொல். யோசேப்பின் பாத்திரத்தைப் பற்றிய ஆதியாகமம் 44:5இலும், அச்செயலைத் தடைசெய்யும் லேவியராகமம் 19:26, உபாகமம் 18:10 ஆகிய இடங்களிலும் இதனைக் காணலாம்.

இம்மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா? குறிபார்க்கும் வினை பாம்பின் பெயரிலிருந்தே பிறந்தது என்று கொள்வோர் உளர், மறுப்போரும் உளர். செம்பைக் குறிக்கும் சொல்லோ அரபு, அரமேயம் ஆகிய உறவு மொழிகளிலும் காணப்படும் பழஞ்சொல். பாம்பின் பெயரோடு அதற்குப் பிறப்புறவு உண்டென நிறுவப்படவில்லை. சொல்லின் வேரைக் கொண்டே அதன் பொருளை முடிவுசெய்வது பிழை என்பதை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். ஒரு சொல்லின் பொருளைத் தருவது அது வழங்கும் வாக்கியமும் சூழலுமே.

இவ்வெச்சரிக்கை தமிழ் அருளுரையாளருக்கு மிகவும் வேண்டியது. 'நாஹாஷ்', 'நாகம்' என்னும் இரண்டும் செவிக்கு ஒத்திருப்பதால், அவற்றை ஒரே சொல்லெனக் கூறி, ஏதேன் தோட்டத்துப் பாம்பையும் நம் நாட்டு நாக வழிபாட்டையும் இணைத்துப் பேசுவது எளிது. ஆனால் எபிரெயச் சொல்லின் நடுவெழுத்து ககரம் அன்று. தொண்டையில் பிறக்கும் 'ஹேத்' என்னும் எழுத்தாகும். 'நாகம்' வடமொழி வழக்கிலிருந்து வந்தது. செமித்திய மொழிகளும் வடமொழியும் வெவ்வேறு குடும்பத்தின. ஓசை ஒப்புமையை மட்டும் கொண்டு பிறர் சமயத்தைப் பற்றி முடிவு கூறுதல் நேர்மையாகாது.

எனினும், வேரில் உறவில்லாத சொற்களையும் ஆசிரியர் ஒருவர் ஓசையால் இணைக்கலாம். எண்ணாகமம் 21:8இல் எப்பொருளால் சர்ப்பத்தைச் செய்வது என்று கட்டளையில் கூறப்படவில்லை. அடுத்த வசனத்தில் மோசே 'நெஹஷ் நெஹோஷெத்' செய்கிறார். ஓசை இயைபு கருதியே அவர் செம்பைத் தெரிந்துகொண்டார் என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி விளக்குகின்றார். செம்பும் பாம்பும் அந்நிலப்பகுதியின் வழிபாட்டிலும் இணைந்திருந்தன. 1969இல் பெனோ ரோத்தன்பெர்க் திம்னாச் செம்புச் சுரங்கப் பகுதியில் ஓர் ஆலயத்தை அகழ்ந்தபோது, தலையில் பொன்முலாம் பூசிய சிறு செப்புப் பாம்பு கிடைத்தது. அது மோசேயின் சர்ப்பம் அன்று. ஆயினும் அக்காலச் சூழலை நமக்கு விளக்குகின்றது.

'நிகுஸ்தான்' என்னும் பெயரில் பாம்பு, வெண்கலம் இரண்டும் ஒருங்கே ஒலிக்கின்றன. அப்பெயரை இட்டவர் யார்? எபிரெய வினை ஒருமையில் உள்ளது. 'அவன் பெயரிட்டான்' எனக் கொண்டால், அரசனே இகழ்ச்சியாக 'வெண்கலத்துண்டு' என்றான் என்பது பொருளாகும். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் நம் பழைய தமிழ்த் திருப்புதலும் இவ்வழியில் செல்கின்றன. எழுவாயைக் குறிப்பிடாத பொதுவழக்காகக் கொண்டால், 'அவ்வாறு அழைக்கப்பட்டது' என்றாகும். அப்போது அது மக்கள் பக்தியோடு வழங்கிய பெயர். 1952ஆம் ஆண்டின் திருத்திய ஆங்கிலப் பதிப்பு இதனைத் தழுவியது. எவ்வாறு கொண்டாலும், முந்திய அதிகாரத்தில் (17:17) வடநாட்டார் குறிபார்த்ததைச் சொல்லும் 'நிஹேஷ்' வினையைக் கேட்டவர்க்கு, 'நிகுஸ்தான்' அதன் எதிரொலியாகவே பட்டிருக்கக்கூடும்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எசேக்கியா உடைத்தது அந்நியரின் விக்கிரகத்தை மட்டும் அன்று. கடவுளின் கட்டளைப்படி மோசே செய்ததும், நோக்கியவர்களைப் பிழைப்பித்ததுமான ஒன்றையும் அவன் உடைத்தான். அருளின் கருவியாக இருந்ததே காலப்போக்கில் அருளாளரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சாலொமோனின் ஞானம் 16:7, பிழைத்தவர்கள் தாங்கள் கண்ட பொருளால் அன்று, மீட்பராகிய கடவுளாலேயே பிழைத்தனர் என்று தெளிவுபடுத்துகின்றது. யூதரின் மிஷ்னாவும் இக்கருத்தையே போதிக்கின்றது. யோவான் 3:14இலும் உவமை உயர்த்தப்படுதலைப் பற்றியதே, உலோகத்தைப் பற்றியதன்று.

ஆகவே இப்பகுதியைப் பிறர் வழிபாட்டைக் கண்டிக்க மட்டும் எடுத்தாளுதல் அதன் கூர்மையை மழுக்குவதாகும். அது முதலில் கடவுளின் வீட்டாரை நோக்கியே பேசுகின்றது. நம் திருச்சபைகளிலும் ஒருகாலத்தில் உயிரளித்த முறைமைகள், கட்டடங்கள், நினைவுச்சின்னங்கள், பெரியோரின் பெயர்கள் உள்ளன. அவற்றுக்கு நன்றி செலுத்துகிறோமா, தூபங்காட்டுகிறோமா? வெண்கலத்தை வெண்கலம் என்று சொல்லும் துணிவு ஆயருக்கு வேண்டும். முதலில் தம் கையிலுள்ள வெண்கலத்தைக் குறித்தே அதைச் சொல்லவேண்டும்.