தீவகத்துப் பறவைகளைப் படம் பிடித்தல்

மாரி தொடங்கியதும் பண்ணைப் பாலத்தின் இரு மருங்கிலும், மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைக் கரையோரங்களிலும் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. பூநாரை, உள்ளான், ஆலா, கடற்காகம் என்று பல இனங்கள். பங்குனி, சித்திரை வரை அவற்றுட் பல இங்கே தங்கி, சேற்றிலுள்ள சிறு உயிர்களைத் தின்று கொழுத்து, மீண்டும் வடக்கே பறக்கின்றன.

1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் தீவகத்தை விட்டு வெளியேறிய எமது குடும்பங்களிற் சில ஊர் திரும்பிவிட்டன. சில இன்னும் வெளியே இருந்துகொண்டு காணியைப் பார்க்க மட்டும் வந்து போகின்றன. அப்படி வரும் பிள்ளைகள் கையில் கைத்தொலைபேசியோ கமெராவோ இருக்கிறது. அதைக் கொண்டு பயனுள்ள பறவைப் படம் எடுப்பது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறோம்.

தீவகத்தில் படம் எடுப்பவருக்கு முதற் சிக்கல் காற்று. ஆனால் அந்தக் காற்றே துணையாகவும் வரும். பறவை நிற்கும்போதும், மேலெழும்போதும், இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே முகம் வைக்கும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. காலை வெயிலும் கிழக்குப் பக்கமிருந்தே வருகிறது. ஆகவே காலையில் பறவைக் கூட்டத்துக்குக் கிழக்கே, வெயிலும் காற்றும் முதுகில் படும்படி நின்றால், பறவைகள் உங்களை நோக்கியே முகம் காட்டும். உப்புக் காற்றும் வில்லையில் நேரே அடியாது. மாலையில் இந்த வசதி இல்லை. வெயில் மேற்கே போய்விடும், காற்று மாறாது. பெரும்பாலும் வாற்பக்கந்தான் படத்தில் விழும்.

காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் வெயில் ஏறினால் சேற்றுத் தரைக்கு மேலே காற்று அலையலையாக நடுங்கும். எவ்வளவு விலையுயர்ந்த வில்லையாக இருந்தாலும் தூரத்துப் பறவை அப்போது தெளிவாக விழாது. பெரிய வில்லை வாங்கும் பணத்தில் நல்லதொரு கறவைப் பசுவே வாங்கலாம் என்பதும் எமது எண்ணம்! கைத்தொலைபேசியைத் தொலைநோக்கியின் கண்பக்கத்தில் பொருத்திப் பிடித்தாலே அடையாளம் காணத்தக்க படம் கிடைக்கும்.

வெள்ளைப் பறவை கருஞ்சேற்றில் நின்றால் கமெரா ஏமாந்து ஒளியை அதிகம் எடுத்துவிடும். இறகின் நுணுக்கம் வெளிறிப்போகும். ஒளியை ஒரு படி குறைக்க வேண்டும். பிரகாசமான வானத்தில் பறக்கும் பறவைக்கு இதற்கு மாறாக ஒளியைக் கூட்ட வேண்டும். காற்றடிக்கும் வெளியில் முக்காலியும் ஆடும். நெடுந்தீவில் கல்வேலிகள் உண்டு. வேலிக் கல்லைக் குலைக்காமல் அதன் பக்கம் அமர்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி எடுப்பதே உறுதி. குறிகட்டுவானிலிருந்து போகும் படகில் கமெராவைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். வில்லையில் உப்பு படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, உப்புப் பரல் கீறிவிடும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மெதுவாக ஒற்றிய பின்பே உலர்த்த வேண்டும்.

பறவையை நோக்கி நேரே நடக்கக் கூடாது. தலை தூக்கிப் பார்த்தால் நின்றுவிடுங்கள். கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கவிட்டு எடுக்கும் படம் அழகாக இருக்கலாம். ஆனால் நெடும் பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பை அது வீணே செலவழிக்கிறது. கோடையில் ஆட்காட்டியும் ஆலாவும் வெறுந்தரையில் முட்டையிடும். உச்சி வெயிலில் நாம் அருகே நின்றால் தாய் விலகும், முட்டை வெந்துவிடும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் எந்தப் பறவைக்காகவும் கால் வைக்க வேண்டாம். கடற்படை முகாமோ காவலரணோ படத்துள் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் வயலில் பறவை நிற்பதைப் படம் காட்டினால் காணியைச் சரணாலயமாக்கி விடுவார்களே" என்று பலரும் கேட்கிறார்கள். இந்த அச்சம் காரணமற்றதன்று. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதியும் சுண்டிக்குளமும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆனாலும் படம் எடுக்காமல் விடுவதால் காணி காப்பாற்றப்படுவதில்லை. வெளியார் வந்து பறவையை மட்டும் நெருக்கமாக எடுத்துப் போகிறார்கள். அந்தப் படத்தில் உழவனும் இல்லை, மாடும் இல்லை, ஆளில்லா நிலம் போலவே தெரிகிறது. ஆகவே நெருங்கிய படம் ஒன்று எடுத்தால், வேலியும் பனையும் அறுவடை செய்த வயலும் மேயும் மாடும் தெரியும்படி அகன்ற படம் ஒன்றும் எடுங்கள். பயிர்ச்செய்கையும் பறவையும் ஒரே நிலத்தில் இருந்தன என்பதற்கு அது சான்றாகும்.

இன்னொன்றும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் காற்றாலையும் சூரிய ஒளியும் சேர்ந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியுடன் ஒப்பந்தமானது. மின்சாரம் எமக்கு வேண்டும். ஆனால் எந்த மாதத்தில், எந்த வழியாக, எவ்வளவு உயரத்தில் பறவைகள் கடக்கின்றன என்பதை ஊரவர் படங்களோடு சொன்னால், காற்றாலை எங்கே நிற்பது நல்லது என்று பேசுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

இதற்குப் படம் மட்டும் போதாது. திகதி, நேரம், ஊர், குறிச்சி, காற்றின் திசை, ஏறத்தாழ எத்தனை பறவைகள் என்பவற்றை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். கமெராவின் திகதி சரியாக உள்ளதா என்று முதலிற் பாருங்கள். பெயர் தெரியாத பறவையாயின் ஊரில் வழங்கும் பெயரையே எழுதலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் பறவையியல் குழுவினரிடம் பின்னர் படத்தைக் காட்டி இனத்தைத் தெரிந்துகொள்ள முடியும். படங்களின் பிரதி ஒன்றை வீட்டுக்கு வெளியே, உறவினர் ஒருவரிடமும் வைத்திருங்கள்.