அடையாற்றுத் தோட்டத்தில் ஒரு நாள்

கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர்கள் வெளியூர் சென்று வருவதென்றால், பெரும்பாலும் ஒரு நூற்பாலையையோ, சர்க்கரை ஆலையையோ, முன்மாதிரிப் பண்ணையையோ கண்டு திரும்புவதே வழக்கம். சென்ற தை மாதத்தில் சந்தவாசல் வட்டாரத்து நெசவாளரும் பயிரிடுவோருமாக முப்பது பேர் நம்முடன் சென்னைக்குப் புறப்பட்டபோது, "தோட்டமும் புத்தகசாலையும் பார்ப்பதால் நமக்கு ஆகப்போவதென்ன?" என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் அப்படிக் கேட்கத்தான் வேண்டும். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில மாதங்களுக்கு முன்பு நாம் ஆய்வுக்காக ஒரு நெசவாளர் சங்கத்தின் பண்டகசாலையைத் திறந்து பார்த்தோம். மூலையில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதனுள்ளே சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் உரிய கட்டத்தாள் வரைபடங்கள் அடுக்கடுக்காக இருந்தன. இருந்தன என்று சொல்வதைவிட, ஒரு காலத்தில் இருந்தன என்பதே பொருந்தும். கையால் தொட்டதும் செல்லரித்த தாள் மண்ணாக உதிர்ந்தது. இருப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். நூலுக்கு விலை இருந்தது. சாயத்துக்கு விலை இருந்தது. உடைந்த தராசுக்கும் விலை இருந்தது. வரைபடங்களுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. பதிவேட்டில் ஏறாத பொருளுக்கு இழப்புக் கணக்கு எழுதுவது எங்ஙனம்? அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாமும் அப்பெட்டியைத் தாண்டியே சென்றிருக்கிறோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அந்தப் பெட்டியின் நினைவுதான் நம்மை அடையாற்றுக்கு அழைத்துச் சென்றது.

சபையும் தோட்டமும்

விடியுமுன் புறப்பட்டு ஆரணி, காஞ்சிபுரம் வழியாகச் சென்னையை அடைந்தோம். அடையாறு கடலோடு கலக்குமிடத்துக்குத் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம் பரந்து கிடக்கிறது. இச்சபை 1875ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தோன்றியது. இதனை நிறுவியவர்களுள் முக்கியமானவர்கள் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் ஆவர். 1882இல் அவர்கள் ஹடில்ஸ்டன் தோட்டம் என்று வழங்கிய 27 ஏக்கர் நிலத்தை வாங்கி, சபையின் தலைமையிடத்தை இங்கே கொண்டுவந்தனர். 1907 முதல் 1933 வரை தலைவராக இருந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் காலத்தில் பக்கத்து நிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இன்று தோட்டத்தின் பரப்பு 250 ஏக்கருக்கு மேல்.

இத்தனை நிலமும் தனியொருவர் சொத்தன்று. பல நாடுகளில் உள்ள அங்கத்தினர்களின் சந்தாவினாலும் நன்கொடையினாலும் நிலைபெற்றது. அதன் தலைவரையும் அங்கத்தினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். கூட்டுறவாளர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

வாயிலைக் கடந்ததும் நகரத்தின் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. தென்னையும் மாவும் பிற நாட்டு மரங்களும் நிழல் தருகின்றன. ஒரே தோட்டத்தில் பல சமயத்தாரும் வழிபடுவதற்குத் தனித்தனியே இடங்கள் அமைந்துள்ளன. தலைமையிடத்து மண்டபத்தில் சமயப் பெரியோர்களின் உருவங்கள் சுவரிலே புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. தோட்டம் பார்வைக்குத் திறந்திருப்பது குறித்த நேரங்களில் மட்டுமே. செல்ல விரும்பும் அன்பர்கள் முன்னதாக விசாரித்துக்கொண்டு செல்வது நன்று.

தாவரத் தோட்டம் என்றால் உலாவும் இடம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பிறந்த காரணம் வேறு. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் சிப்பூரில் 1787இல் ராபர்ட் கிட் என்பவர் முயற்சியால் தொடங்கிய தோட்டம், வாணிபத்துக்குப் பயன்படும் செடிகளை இம்மண்ணில் வளர்த்துப் பார்ப்பதற்காகவே ஏற்பட்டது. 1848இல் உதகமண்டலத் தோட்டத்தை அமைக்க வந்த மெக்ஐவர், பின்னர் நீலகிரியில் சிங்கோனா பயிரிடும் முயற்சிக்கும் தலைமை தாங்கினார். அம்மரத்தின் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொய்னா மருந்து கிடைத்தது. ஆக, பயிரிடுவோருக்கு இத்தகைய தோட்டம் ஒரு வித்துப் பெட்டகம்.

ஆலமரம்

அடையாற்றுக்கு வருவோர் எல்லோரும் காண விரும்புவது அங்குள்ள ஆலமரத்தையே. நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று சொல்லப்படும் அம்மரத்தின் நிழலில் அன்னி பெசன்ட் அம்மையார் பேசியிருக்கிறார், ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசியிருக்கிறார். ஆனால், அவர்கள் கண்ட அடிமரத்தை இன்று நாம் காண இயலாது. 1989இல் வீசிய புயலில் அது வேரோடு சாய்ந்தது. நிமிர்த்தி நிறுத்துவதற்கு அரும்பாடு பட்டும் பயனில்லாமற் போயிற்று. எனினும் மரம் சாகவில்லை. கிளைகளிலிருந்து இறங்கி மண்ணில் ஊன்றிய விழுதுகள் தாமே தூண்களாகி அதனைத் தாங்கி நிற்கின்றன. சிப்பூர்த் தோட்டத்து ஆலமரத்தின் வரலாறும் இத்தகையதே. காளான் நோய் கண்டதால் 1925இல் அதன் நடுமரத்தை வெட்டி அகற்றினர். ஆயிரக்கணக்கான விழுதுகளோடு அது இன்றும் படர்ந்து வருகிறது.

நம்முடன் வந்த நெசவாளப் பெரியவர் ஒருவர் அங்கே நெடுநேரம் நின்றார். பிறகு, "ஐயா, தறியிலும் இதற்கு விழுது என்றுதானே பெயர்! அது அறுந்தால் பாவு எழும்பாது. நாடா எதிலே ஓடும்?" என்றார். பாவிழைகளைத் தூக்கிக் கொடுக்கும் அந்தக் கயிற்றுக் கண்ணிகளை நாம் எத்தனையோ முறை கணக்கில் எழுதியிருக்கிறோம். அந்தச் சொல்லின் பொருத்தம் அதுவரை நம் மனத்தில் படவில்லை.

சங்கத்தைத் தொடங்கிய பெரியோர் ஒரு நாள் மறைவார்கள். அதற்குமுன் விழுது மண்ணைத் தொட்டிருக்க வேண்டும். அறிந்தவரிடமிருந்து அறியாதவருக்கு இறங்கும் தொழிலறிவே அந்த விழுது.

ஏட்டுச் சுவடிகள்

அடையாற்று நூல் நிலையத்தை ஆல்காட் 1886இல் தொடங்கினார். முதலில் இருந்தவை பெரும்பாலும் அவருடைய சொந்தப் புத்தகங்களே. இன்று சுமார் 20,000 ஓலைச்சுவடிகளும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அச்சு நூல்களும் அதில் உள்ளன. சிறிய அளவில் தொடங்குவது குற்றமன்று, தொடங்காதிருப்பதே குற்றம் என்பதை இந்த எண்களே உணர்த்தும்.

பனையோலைக்கு நம் நாட்டில் பகைவர் பலர். ஈரக்காற்று ஒன்று, பூச்சி ஒன்று, கவனிப்பாரின்மை ஒன்று. பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்தால் கீறிய இடத்தில் மட்டும் கருமை தங்கும். துளையிட்டுக் கயிறு கோத்து, இரு பக்கமும் மரச்சட்டம் வைத்து இறுகக் கட்டுவர். காலப்போக்கில் ஓலை வறண்டு நொறுங்கும். அதனைத் தடுக்கவும் பூச்சியை விரட்டவும் வாசனைப்புல் எண்ணெயைத் தடவுவது வழக்கம். அவ்வளவு செய்தாலும் ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகளே. ஆகையால் முன்னோர்கள் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தார்கள். படியெடுக்கும் கை நின்ற தலைமுறையில் நூலும் நின்றுவிட்டது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டு வெளியிட்டார். கரிவலம்வந்தநல்லூரில் பழுதுபட்ட ஏடுகளை நெருப்பிலிட்டுவிட்ட செய்தியைக் கேட்டு வருந்தியதையும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அங்கே அதனைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பயன்படாதவை என்று எண்ணியே செய்தார்கள். ஐயர் 1942இல் காலமானார். அவர் சேர்த்த சுவடிகளையும் நூல்களையும் காக்க, அடுத்த ஆண்டே ஸ்ரீமதி ருக்மிணி தேவி அடையாற்றில் ஐயர் பெயரால் ஒரு நூல் நிலையம் ஏற்படுத்தினார். இன்று அது பெசன்ட் நகரில் சொந்தக் கட்டடத்தில் இயங்கி வருகிறது.

தறியும் கடுக்காயும்

பிற்பகலில் திருவான்மியூரிலுள்ள கலாக்ஷேத்திரத்துக்குச் சென்றோம். அடையாற்றுத் தோட்டத்தில் 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய ஸ்தாபனமே பின்னர் இங்கே இடம் மாறியது. நாட்டியத்துக்கும் சங்கீதத்துக்கும் பெயர்பெற்ற இவ்விடத்தில் கைத்தறிகளும் இயங்குகின்றன. நம் மாகாணத்து நெசவாளர் சங்கங்களுக்காகக் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது 1935இல். அதற்கு இரண்டே ஆண்டுகளில் இங்கும் நெசவு தொடங்கிவிட்டது. வழக்கொழிந்து வந்த பழைய அகலக் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டு நெய்வித்ததால் 'கலாக்ஷேத்திரச் சேலை' என்றே ஒரு பெயர் நிலைத்தது.

உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு மற்றொரு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்வது நம்மவர்க்குப் புதிதன்று. மூன்று நாடா ஓட்டவும் துணைக்கு ஓர் ஆள் நிற்கவும் வேண்டிய அவ்வேலையின் கூலிக் கணக்கைப் பற்றி நம் பெண் அங்கத்தினர்கள் அங்கிருந்தவர்களிடம் கேட்ட கேள்விகள் நம் ஆய்வைவிடக் கூர்மையாக இருந்தன.

கலம்காரிச் சாயப் பகுதியில் ஒரு வியப்பு காத்திருந்தது. துணியை முதலில் கடுக்காய் நீரும் பாலும் கலந்ததில் தோய்த்து உலர்த்துகிறார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்த சாறு அதன்மீது பட்டதும் கருமை பிறக்கிறது. படிகாரம் தீட்டிய இடம், சாயவேர் முதலியவற்றோடு கொதிக்கும்போது சிவக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து வந்த அம்மையார் ஒரு காயைக் கையில் எடுத்து, "இது எங்கள் காட்டுக் கடுக்காய் அல்லவா? மூட்டை கட்டி அனுப்புவதோடு எங்களுக்குத் தெரிந்தது முடிந்தது" என்றார். அருகிலிருந்த நெசவாளரோ சாயத்தைப் பொட்டலத்தில் மட்டுமே கண்டவர். மலையில் காய் பொறுக்குகிறவரும் அடிவாரத்தில் துணி நெய்கிறவரும் ஒருவர் தொழிலை ஒருவர் அறிய நூறு மைல் கடந்து வர நேர்ந்தது.

நாம் செய்யக்கூடியது

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துச் சான் மரினோவில் ஹண்டிங்டன் தோட்டம் என்று ஒன்றுண்டு. இரயில் தொழிலில் பொருள் ஈட்டிய ஹென்றி ஹண்டிங்டன் 1903இல் அங்கே ஒரு பண்ணையை வாங்கினார். ஆரஞ்சுத் தோப்புக்கிடையே உலகத்துச் செடிகளைச் சேர்த்தார்; ஓவியங்களையும் அரிய நூல்களையும் திரட்டினார். கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளின் ஒரு பிரதியும் அவற்றுள் ஒன்று. 1919இல் அனைத்தையும் பொதுமக்களுக்கென்று எழுதிவைத்தார். அவர் 1927இல் காலமானார்; அடுத்த ஆண்டு அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு செல்வர் செய்ததை அடையாற்றில் அங்கத்தினர் பலர் கூடிச் செய்தனர். நம்மிடம் செல்வர் இல்லை, அங்கத்தினர் உள்ளனர்.

ஆகவே அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் மூன்று காரியங்களை ஆலோசிக்க வேண்டுகிறோம். இது உத்தரவன்று, வேண்டுகோளே.

முதலாவது, வீட்டுப் பரண்களிலும் சங்கத்துப் பெட்டிகளிலும் உள்ள பழைய வரைபடங்களைப் படியெடுத்து, ஒரு படியைச் சங்கத்திலும் மற்றொன்றைப் பிறிதோர் இடத்திலும் வைத்தல். கைப்பேசியில் படமெடுக்க நம் இளைஞர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். வரைந்தவர் பெயரும் நெய்தவர் பெயரும் உடன் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மலையிலும் சமவெளியிலும் இன்னும் சிலர் கைவிடாமல் வைத்திருக்கும் பழைய சாமை, கேழ்வரகு, நெல் வித்துக்களுக்கு ஒரு பதிவேடு. வித்தைப் பெட்டியில் பூட்டிக் காக்க இயலாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது முளைக்கும் ஆற்றலை இழக்கும். யார் எந்த வித்தை எந்த நிலத்தில் விதைப்பது என்று முறை வகுத்தாலே அது பிழைக்கும்.

மூன்றாவது, இவ்விரண்டையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுதல். விலை எழுத முடியாவிடினும் எண்ணிக்கை எழுதலாம். எழுதிய பொருளை ஆண்டுதோறும் யாரேனும் எண்ணிப் பார்த்தே தீர வேண்டும். அவ்வேலையில் நம் பங்கைத் தவறாது செய்வோம்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள், ஆலமரத்தடியில் நின்ற பெரியவர் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கட்டுடன் சங்கத்துக்கு வந்தார். அவருடைய தகப்பனார் வரைந்த கரைகள். பதினொரு தாள்கள் இருந்தன. இரண்டைச் செல் அரித்திருந்தது. ஒன்பதும் ஒரு புதிய பதிவேட்டின் முதற் பக்கத்தில் ஏறியுள்ளன. அடுத்த பக்கங்கள் அங்கத்தினர்களுக்காகக் காத்திருக்கின்றன.