சின்ன டேபிளில் ராஜா... பெரிய டேபிளில் கூஜா! போக்கரில் அடுத்த லெவல் ஏன் காலை வாருகிறது?

மூணு மாசமா சின்ன டேபிளில் ஜெயிச்சுக்கிட்டே இருக்கீங்க. 'நமக்குத்தான் ஆட்டம் பிடிபட்டுடுச்சே, இன்னும் எதுக்கு சில்லறைக்கு ஆடணும்?' என்று ஒரு ராத்திரி பெரிய டேபிளில் போய் உட்காருகிறீர்கள். மூன்று மாதம் சேர்த்தது மூன்றே நாளில் காலி!

ஆன்லைன் போக்கர் ஆடியவர்களிடம் அடிக்கடி கேட்கும் கதை இது. 'கைராசி போச்சு', 'ஆப்லயே ஏதோ கோல்மால்' என்பார்கள். ஆனால், இதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் கணக்குதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் தடை செய்கிறது. 'இது திறமை விளையாட்டு' என்று சொன்னாலும் விலக்கு கிடையாது. எனவே, இது ஆடச் சொல்லும் கட்டுரை இல்லை. 'அடுத்த லெவலில் விட்டதைப் பிடிச்சிடலாம்' என்ற எண்ணம் ஏன் ஆளைக் கவிழ்க்கிறது என்று புரிந்துகொள்ளத்தான்.

லெவல் என்றால் என்ன?

போக்கரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பேர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். சிறியது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். வழக்கமாக 100 பிக் பிளைண்ட் பணத்தோடு உட்காருவார்கள். பிக் பிளைண்ட் 10 சென்ட் என்றால் 10 டாலர். அடுத்த படியில் அது 25 சென்ட், அதாவது 25 டாலர். மேலே ஒருமுறை முழுசாகத் தோற்றால், கீழே இரண்டரை முறை தோற்றதற்குச் சமம்!

ஜெயித்தது திறமையா, அதிர்ஷ்டமா?

ஒரு டேபிளில் மணிக்கு 70 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒன்றரை மணி நேரம் ஆடினால் மூன்று மாதத்தில் சுமார் 10,000 ஆட்டங்கள். 'இவ்ளோ ஆடியாச்சே, போதாதா?' என்று தோன்றும். போதாது.

100 ஆட்டத்துக்கு சராசரியாக 5 பிக் பிளைண்ட் சம்பாதிக்கும் நல்ல ஆட்டக்காரர் ஒருவர். 10,000 ஆட்டத்தில் அவருக்கு 500 பிக் பிளைண்ட் லாபம் வர வேண்டும். ஆனால், சீட்டு விழுவதில் வரும் ஏற்ற இறக்கம் மட்டுமே சுமார் 900 பிக் பிளைண்ட் வரை மேலேயோ கீழேயோ இழுக்கும். கணக்குப் போட்டால், இந்தத் திறமைசாலியே நஷ்டத்தில் நிற்க 10-ல் 3 வாய்ப்பு இருக்கிறது.

இதைத் திருப்பிப் பாருங்கள். 100 ஆட்டத்துக்கு 2 பிக் பிளைண்ட் இழக்கும் சுமாரான ஆட்டக்காரர், அதே 10,000 ஆட்டத்துக்குப் பிறகு லாபத்தில் இருக்க 10-ல் 4 வாய்ப்பு! அவரும் 'நான் ரெடி' என்று நம்பித்தான் மேலே ஏறுகிறார்.

மேலே போனால் மீன் குறைவு

தப்பும் தவறுமாக ஆடுபவர்களை போக்கர் உலகில் 'மீன்' என்பார்கள். ஜெயிப்பவர்களின் லாபம் அவர்களுடைய தவறுகளிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு படியிலும் நன்றாக ஆடுபவர்கள் மேலே போய்விடுவார்கள். அதனால், மேலே போகப் போக தவறுகள் குறையும். கீழே 5 ஆக இருந்த உங்கள் சராசரி, மேலே 2 ஆகச் சுருங்கலாம். அப்போது 10,000 ஆட்டத்தில் நஷ்டப்படும் வாய்ப்பும் 10-ல் 4 ஆகிவிடும்.

இதற்கு நடுவில் 'ரேக்' வேறு. அதாவது ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுக்கும் கமிஷன். யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு லாபம். சின்ன டேபிளில்தான் இதன் பாரம் அதிகம். 'கமிஷன் கொடுத்தே தேய்ஞ்சு போறோம், மேலே போயிடலாம்' என்ற அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

மனசு செய்யும் வேலை

தொகை பெரிதானதும் கை நடுங்கும். துணிந்து ஆட வேண்டிய இடத்தில் சீட்டை மடக்குவோம். இரண்டு முறை தோற்றதும் கோபத்தில் கண்டபடி ஆடுவோம். இதற்கு 'டில்ட்' என்று பெயர். சின்ன டேபிளில் ஜெயித்த அதே ஆள் இப்போது அங்கே இல்லை.

2009 டிசம்பரில் ஸ்வீடன் இளைஞர் விக்டர் ப்ளோம், ஒரே நாளில் ஒரே எதிராளியிடம் 40 லட்சம் டாலருக்கும் மேல் இழந்தார். இத்தனைக்கும் அவர் உலகமே வியந்த திறமைசாலி.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்கர் கிறிஸ் ஃபெர்குசன் 2006-ல் காசே இல்லாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி, 2007-ல் 10,000 டாலரை எட்டினார். கையிருப்பில் 5 சதவிகிதத்துக்கு மேல் ஒரு டேபிளுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவருடைய விதி. 25 டாலர் டேபிளில் உட்கார 500 டாலர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே குறைந்தால், கௌரவம் பார்க்காமல் சின்ன டேபிளுக்கு இறங்கிவிட வேண்டும்.

ஏறுவதற்கு எல்லோரிடமும் திட்டம் இருக்கிறது. இறங்குவதற்குத்தான் இல்லை!

போக்கர் ஆடாதவர்களுக்கும் இது பொருந்தும். பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 100-ல் 93 தனிநபர்கள் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொல்கிறது. அங்கேயும் 'லாட் சைஸை ஏத்தினா விட்டதைப் பிடிச்சிடலாம்' என்ற அதே குரல்தான் கேட்கிறது.

அந்தக் குரல் உங்களுக்கும் கேட்கிறதா? கடன் வாங்கியோ, வீட்டுக்குத் தெரியாமலோ ஆடிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால், அடுத்த லெவலைப் பற்றி யோசிக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அரசின் 'டெலி மனஸ்' உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.