விஸ்காம் படித்தால் சினிமா மட்டும்தானா? இதெல்லாம் தெரியுமா?

பாக்கெட்டில் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறதா? எடுங்கள்! 2011க்குப் பிறகு வந்தது என்றால் அதில் ₹ குறி இருக்கும். அதை வரைந்தவர் யார் தெரியுமா? விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது விஸ்காம் படித்த ஒரு தமிழர்! பெயர் டி. உதயகுமார். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் முடித்துவிட்டு, மும்பை ஐஐடியின் வடிவமைப்பு மையமான ஐடிசியில் முதுநிலைக்கு அவர் எடுத்த பாடம் அதுதான். மத்திய அரசு நடத்திய போட்டியில் வந்து குவிந்தவை 3,000க்கும் மேல். 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை இவருடையதைத் தேர்ந்தெடுத்தது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

இப்போது குறியை உற்றுப் பாருங்கள். தேவநாகரி 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று. ஆங்கில எழுத்தின் செங்குத்துக் காலை மட்டும் காணோம். மேலே இரண்டு கோடு, நடுவே வெற்றிடம். அந்த வெற்றிடத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூவர்ணக் கொடி! 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் இந்தக் குறிக்குப் பதில் 'ரூ' வந்தபோது டிவியில் நாள் முழுக்கப் பட்டிமன்றம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ஒரே ஒரு எழுத்துருவம் தேசியச் செய்தியாகிவிட்டது. இந்தப் படிப்புக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

நம்மூரில் பிள்ளை விஸ்காம் சேர்ந்தால் மாமா கேட்கும் முதல் கேள்வி, "என்னடா, டைரக்டர் ஆகப்போறியா?" மாமாவைக் குறை சொல்ல முடியாது. 'விக்ரம் வேதா' எடுத்த புஷ்கர் - காயத்ரி ஜோடி லயோலா கல்லூரியில் விஸ்காம் படித்தவர்கள். நடிகர் விஜய்யும் அங்கேதான் விஸ்காம் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு நடிக்கப் போனார். ஆனால் இன்னொரு வேடிக்கை தெரியுமா? தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இது பி.எஸ்சி. பட்டம்! ஓவியம், போட்டோகிராஃபி, விளம்பரம், ஸ்கிரிப்ட், எடிட்டிங் எல்லாம் படித்துவிட்டுக் கையில் வாங்குவது அறிவியல் பட்டம்.

மாணவர்களாக இருக்கும்போதே சிலர் வரைந்தவை என்ன ஆயின என்று பாருங்கள். தூர்தர்ஷன் கண்! அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) மாணவராக இருந்த தேவாஷிஸ் பட்டாச்சார்யா வரைந்தது அது. நைக்கியின் 'டிக்' குறி? போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவி கரோலின் டேவிட்சன், 1971இல், 35 டாலருக்கு! (பின்னால் நிறுவனம் பங்குகள் கொடுத்து மனசைத் தேற்றியது, அது வேறு கதை.) பிளாஸ்டிக் பாட்டில் அடியில் துரத்திக்கொண்டு ஓடும் மூன்று அம்புகளின் மூல வடிவம், 1970இல் 23 வயது மாணவர் கேரி ஆண்டர்சன் ஒரு போட்டிக்கு வரைந்து அனுப்பியது.

சரி, வடிவமைப்பு சொதப்பினால் என்ன ஆகும்? மிஞ்சிப்போனால் போஸ்டர் அசிங்கமாக இருக்கும் என்கிறீர்களா? 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைக் கேளுங்கள். ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் வாக்குச்சீட்டைத் தயாரித்த அதிகாரிக்கு நல்ல எண்ணம்தான்: வயதானவர்கள் அதிகம், எழுத்து பெரிதாக இருக்கட்டும். பெரிதாக்கியதும் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. பாதியை இடப்பக்கமும் மீதியை வலப்பக்கமும் போட்டு, வாக்கைப் பதியத் துளையிடும் வரிசையை நடுவில் வைத்தார். இடப்பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது அல் கோர். நடுவில் இரண்டாவது துளையோ வலப்பக்கத்து முதல் பெயரான பேட் பியூக்கனனுக்கு! கோருக்கு உரியது மூன்றாவது. அந்த ஒரே மாவட்டத்தில் பியூக்கனனுக்கு 3,400க்கும் மேல் வாக்கு விழுந்தது. அவற்றில் பெரும்பாலானவை கோருக்கு விழ வேண்டியவையாக இருக்கும் என்று பியூக்கனனே சொன்னார். ஃபுளோரிடாவில் புஷ் ஜெயித்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 537! லேஅவுட் வகுப்பில் "கண் முதலில் எங்கே போகுது, அடுத்து எங்கே போகுது?" என்று உயிரை எடுக்கிறார்களே, அதன் அர்த்தம் இதுதான்.

நம் நாடு இந்த விஷயத்தில் கெட்டி. 1951-52 முதல் பொதுத்தேர்தலின்போது படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம், அவ்வளவுதான்! பிறகு வந்த சின்னங்களில் பலவற்றை தேர்தல் ஆணையத்தில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தவர் எம்.எஸ். சேத்தி என்ற வரைவாளர். சைக்கிளும் சீப்பும் ஓட்டு வாங்கும் நாடு இது. காட்சித் தொடர்பை இவ்வளவு பெரிய அளவில் வேறு யார் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்?

இப்போது வேலைக்கு வருவோம். பணம் அனுப்பும் ஆப்பில் 'செலுத்து' பட்டன் எங்கே, எந்த நிறத்தில், கட்டைவிரலுக்கு எட்டுமா என்று முடிவு செய்ய ஒரு ஆள் உண்டு. யுஎக்ஸ் டிசைனர். மாத்திரை அட்டை, பிஸ்கட் பாக்கெட், மெட்ரோ நிலையத்து அம்புக்குறி, செய்தித்தாளின் வரைபடம், ஓடிடி படத்தின் டைட்டில், சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட் எல்லாமே இந்தக் குடும்பம்தான். எனக்குப் பிடித்தது எழுத்துரு வடிவமைப்பு. விண்டோஸ் கணினியில் வருடக்கணக்கில் தமிழைக் காட்டிய 'லதா' எழுத்துரு, ஐடிசியில் பாடம் நடத்திய ஆர்.கே. ஜோஷி தலைமையில் உருவானது. ஆப்பிள் கணினியின் 'இணைமதி'யை உருவாக்கியவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். இவர் பொறியாளர்! இந்தத் துறையில் வாசல் ஒன்றல்ல. வேலை கொடுப்பவர் மார்க்‌ஷீட்டைவிட போர்ட்ஃபோலியோவைத்தான் முதலில் புரட்டுவார்.

எங்கே படிப்பது? ஊர்க் கல்லூரிகளின் பி.எஸ்சி. உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை கவின்கலைக் கல்லூரி எழும்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கும் இந்தத் துறை உண்டு. இதையும் கேளுங்கள்: ஜேஇஇ எழுதாமலே ஐஐடிக்குள் நுழையலாம்! மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வு, பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளநிலைப் படிப்புக்கானது. பிளஸ் டூவில் அறிவியல், வணிகவியல், கலை என எந்த குரூப்பும் சரி. வினாத்தாளின் ஒரு பகுதியில் பென்சில் எடுத்து வரைந்தே தீர வேண்டும். தேர்வு ஜனவரியில், விண்ணப்பமோ அக்டோபர் வாக்கிலேயே தொடங்கிவிடும். காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு பார்த்துவிடுங்கள்.