கண் நம்புகிறது, காது நம்பவில்லை! - வி.ஆர். ஹெட்செட்டில் கேம்ஸ்

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றால் மானிட்டருக்கு எதிரே உட்கார்ந்து கீபோர்டையும் மவுஸையும் தட்டுவது என்றுதான் நமக்குப் பழக்கம். கார் பந்தயமோ, கிரிக்கெட்டோ, எல்லாம் அந்தச் செவ்வகத்துக்குள்ளேயே நடக்கும். தலையைத் திருப்பினால் சுவரில் மாட்டிய காலண்டர் தெரியும். விர்ச்சுவல் ரியாலிட்டி (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் அந்தச் செவ்வகம் காணாமல் போய்விடும். மேலே, கீழே, பின்னால் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கேம்தான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சில வாரங்களாக மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் நானும், வீட்டுக்கு வந்த உறவினர்களும் நண்பர்களும் விளையாடிப் பார்த்தோம். சிலர் கழற்ற மனமில்லாமல் நின்றார்கள். சிலர் ஐந்தே நிமிடத்தில் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனைக்கும் ஹெட்செட் ஒன்றுதான். இந்த வித்தியாசம் ஏன் என்று தெரிந்துகொண்டால், இதை வாங்கலாமா வேண்டாமா என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு சிறிய திரைகள், அவற்றின் முன்னால் இரண்டு லென்ஸ்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட கோணத்தில் ஒரு படம். நம் மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைக் கண்டுபிடிக்கிறது. தலை எந்தப் பக்கம் அசைகிறது என்பதை சென்சார்களும், அறைக்குள் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஹெட்செட்டின் வெளிப்புறக் கேமராக்களும் கவனிக்கின்றன. அதற்கேற்பப் படம் உடனுக்குடன் மாறுகிறது.

இந்த யோசனை புதிதல்ல. 1968-லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்துவிட்டார். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1995-ல் நின்டெண்டோ கொண்டுவந்த வர்ச்சுவல் பாய் சிவப்பு நிறத்தில் மட்டுமே படம் காட்டியது; விலை போகவில்லை. 2012-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஆக்குலஸ் ரிஃப்ட் தொடங்கியபோதுதான் மீண்டும் சூடு பிடித்தது. 2014-ல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016-ல் ரிஃப்ட், எச்டிசி வைவ், பிளேஸ்டேஷன் வி.ஆர். மூன்றும் கடைக்கு வந்தன.

2016 ரிஃப்டில் ஒரு கண்ணுக்கு 1080×1200 புள்ளிகள்தான். கொசுவலை வழியாகப் பார்ப்பது போல் புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் தெரியும். 2023-ல் வந்த குவெஸ்ட் 3-ல் ஒரு கண்ணுக்கு 2064×2208 புள்ளிகள். கொசுவலை ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அண்ணாந்து பார்க்கும் கோபுரம்

முதலில் நம்மை அசத்துவது படத்தின் தெளிவு அல்ல, அளவு. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 236 அடி. 13 நிலைகள் கொண்ட இந்தக் கோபுரம் 1987-ல் கட்டி முடிக்கப்பட்டது. மானிட்டரில் அதன் போட்டோவைத் திறந்தால் முக்கால் அடிக்குள் அடங்கிவிடும். அதே கோபுரத்தை அடியில் நின்று எடுத்த 360 டிகிரி படமாக ஹெட்செட்டில் பார்த்தால் கழுத்தை அண்ணாந்துதான் கலசங்களைப் பார்க்க முடியும். கண் அதை "பெரியது" என்று ஒத்துக்கொள்கிறது.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. சாதாரண 360 டிகிரி படம் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்படுவது. தலையைத் திருப்பலாம், ஓரடி முன்னால் வைத்தாலும் கோபுரம் நெருங்கி வராது. பெரிய குடத்துக்குள் நின்று அதன் உட்சுவரில் வரைந்த ஓவியத்தைப் பார்ப்பது போலிருக்கும். கேம் அப்படியில்லை. கம்ப்யூட்டரே முப்பரிமாணத்தில் உருவாக்கிய இடம் என்பதால் குனிந்து மேஜைக்கு அடியில் பார்க்கலாம், தூணுக்குப் பின்னால் ஒளியலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மொபைலைச் செருகும் அட்டைப்பெட்டி வி.ஆர்.களை (கூகுள் 2014-ல் கார்ட்போர்டு என்ற பெயரில் தொடங்கிவைத்த வகை) மட்டும் பார்த்துவிட்டு "வி.ஆர். என்றால் இவ்வளவுதானா?" என்று முடிவு செய்யாதீர்கள். அவற்றில் தலையைத் திருப்பலாம், நடக்க முடியாது.

தலை சுற்றுவது ஏன்?

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். நின்ற பிறகும் உலகம் சுற்றும். காரணம், நம் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களில் இருக்கும் திரவம் உடனே நிற்பதில்லை. உடம்பு அசைகிறதா, எந்தப் பக்கம் அசைகிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் மொபைலைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தால் சிலருக்குக் குமட்டும். காது "ஓடுகிறோம்" என்கிறது. மொபைலைப் பார்க்கும் கண் "அசையவில்லை" என்கிறது.

வி.ஆர். கேமில் இது தலைகீழ். கேமில் நீங்கள் ஓடுவதைக் கண் பார்க்கிறது. காதோ "கூடத்தில் நின்றுகொண்டுதானே இருக்கிறோம்" என்கிறது. இந்தச் சண்டையில் மாட்டிக்கொள்வது வயிறு. எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ரோலர் கோஸ்டர் வகை கேமில் தொடங்கியவர்கள். அதே ஆட்களுக்கு மறுநாள் வேறு கேம் கொடுத்தபோது எந்தத் தொந்தரவும் இல்லை.

பொருட்காட்சிகளில் "9டி" என்று போர்டு வைத்து நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுவதும் பெரும்பாலும் ரோலர் கோஸ்டர்தான். முதல் முறை பார்ப்பவருக்கு அதைவிட மோசமான தொடக்கம் இல்லை.

எந்த கேமில் தொடங்குவது?

விதி எளிது. உங்கள் கால் எவ்வளவு நகர்கிறதோ, கேமிலும் அவ்வளவே நகர வேண்டும்.

பீட் சேபர்: 2018-ல் வந்த செக் நாட்டு கேம். இரு கைகளிலும் ஒளிவாள். பாட்டின் தாளத்துக்கு ஏற்பப் பறந்துவரும் கட்டைகளை வெட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே ஆட்டம் என்பதால் காதுக்கும் கண்ணுக்கும் சண்டை இல்லை. நான்கு பாட்டு முடிந்தால் சட்டை நனைந்துவிடும். கேம் என்பதே தெரியாத பெரியவர்கள்கூட இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டார்கள்.

ஜாப் சிமுலேட்டர்: சமையலறை, ஆபீஸ் என்று ஓரிடத்தில் நின்று பொருள்களை எடுத்து விளையாடும் வேடிக்கை கேம். சிறுவர்களுக்கும் ஏற்றது.

ரிச்சீஸ் பிளாங்க் எக்ஸ்பீரியன்ஸ்: உயரமான கட்டடத்தின் உச்சியில் ஒரு பலகை. அதில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே இருப்பது கூடத்துத் தரை என்று மனதுக்குத் தெரியும்; ஆனாலும் கால் நடுங்கும். உயரம் என்றால் பயப்படுபவர்களையும் இதய நோய் உள்ளவர்களையும் இதில் விடாதீர்கள்.

ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்: வால்வ் நிறுவனம் 2020-ல் வெளியிட்டது. வி.ஆர். கேம்களில் இதைச் சிகரம் என்பார்கள். இதில் நடப்பதற்குப் பதிலாக, போக வேண்டிய இடத்தைச் சுட்டி அங்கே சட்டென்று தாவும் வசதி உண்டு. தாவும்போது ஓடும் காட்சி இல்லாததால் தலைசுற்றலும் குறைவு. பழகிய பிறகு விளையாட வேண்டியது இது.

முதல் வாரம் ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும். லேசாகக் குமட்டினாலே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினால் பழகிவிடும் என்பது தவறு. மூளை ஹெட்செட்டையே வெறுக்கப் பழகிவிடும்.

கையில் எடை இல்லை

இன்னொரு குறையும் தெரிகிறது. கேமில் கல்லைத் தூக்கினாலும் இறகைத் தூக்கினாலும் கையில் இருப்பது அதே கன்ட்ரோலர்தான். அதிர்வு மட்டும் வரும். கேமில் உள்ள மேஜையில் சாய்ந்தால் விழ வேண்டியதுதான்! இந்தத் தொடுவுணர்வை எப்படிக் கொண்டுவருவது என்பது தனி ஆராய்ச்சித் துறை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் தொடுவுணர்வு ஆய்வகம் இதில் ஈடுபட்டுள்ளது.

கூடம், மின்விசிறி, வெயில்

உட்கார்ந்தே விளையாடலாம் என்றாலும், நடந்து விளையாட சுமார் ஆறரை அடிக்கு ஆறரை அடி காலியிடம் வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் நீளமானவை, ஆனால் அகலம் குறைவு. தில்லைநகர் பிளாட்களில் சோபாவும் டீப்பாயும் ஹாலை அடைத்திருக்கும். ஹெட்செட்டில் முதலிலேயே எல்லைக்கோடு வரையச் சொல்லும்; அதைத் தாண்டினால் எச்சரிக்கும். ஆனால் அந்தக் கோடு தரையில்தான். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி அதற்குத் தெரியாது. கையை உயர்த்தி வாள் வீசும் கேம் என்றால் மின்விசிறிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கன்ட்ரோலர் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

திருச்சி வெயிலில் இன்னொரு ஆபத்து. ஹெட்செட்டின் லென்ஸ் பூதக்கண்ணாடி போன்றது. அதன் வழியாகச் சூரிய ஒளி விழுந்தால் சில நொடிகளிலேயே திரை பொசுங்கிவிடலாம். ஜன்னலோரத்திலோ மொட்டை மாடியிலோ வைக்கவே கூடாது. இருட்டிலும் சிக்கல்: கேமராக்களுக்கு வெளிச்சம் வேண்டும். மின்சாரம் போனால், பேட்டரி இருந்தாலும் ஹெட்செட் இடம் தெரியாமல் தடுமாறும்.

கம்ப்யூட்டர் போதுமா?

குவெஸ்ட் போன்றவற்றுக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. பிராசசர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அலிக்ஸ் போன்ற பெரிய கேம்களுக்குக் கம்ப்யூட்டருடன் இணைக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்சம் கோர் ஐ5-7500 பிராசசர், 12 ஜிபி ராம், 6 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு தேவை. ஆபீஸ் வேலைக்காக வாங்கிய லேப்டாப்பில் இது ஓடாது.

ஏன் இவ்வளவு? ஃபுல் எச்டி மானிட்டரில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். குவெஸ்ட் 3-ல் இரு கண்களுக்கும் சேர்த்து 91 லட்சம். சினிமாவுக்கு விநாடிக்கு 24 படங்கள் போதும். இதற்கு 72 முதல் 90 வரை வேண்டும். படம் சற்றுத் தாமதித்தாலும் பழைய கண்-காது சண்டை தொடங்கிவிடும்.

பழைய ஹெட்செட் மலிவாகக் கிடைத்தால் கவனம். எச்பி, லெனோவா, ஏசர் நிறுவனங்கள் வெளியிட்ட விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி வகைக்கான சாப்ட்வேரை, 2024-ல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் நீக்கிவிட்டது. புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வாங்கலாமா?

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதோடு மாட்டிப் பார்த்து, லென்ஸில் உரசாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இரு கண்களுக்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்ப லென்ஸைச் சரிசெய்ய மறக்காதீர்கள். படம் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். சிறு குழந்தைகளுக்குத் தராதீர்கள். மெட்டா முதலில் 13 வயது என்று வைத்திருந்த வரம்பை 2023-ல், பெற்றோர் கண்காணிப்புடன் 10 வயது என்று தளர்த்தியது. எந்த வயதானாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பில் போடும் முன் இந்தியாவில் வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் நண்பர் வீட்டில் யாரிடமாவது இருந்தால் இரண்டு தடவை, இரண்டு வகை கேம்களில் மாட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஆடும் கேமே உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எத்தனை விலை உயர்ந்த ஹெட்செட்டும் அலமாரியில்தான் உறங்கும். ஒத்துக்கொண்டால், கூடத்தில் டீப்பாயை நகர்த்தி இடம் செய்யுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு!