பிரிக்காத மூன்று பெட்டிகள்

கைத்தொழில் பற்றிய நம் கலந்துரையாடலில், சிங்கப்பூர் அக்கா ஒருவர் மூன்று பெட்டிகளை மேசைமேல் வைத்தார். மூன்றும் பிரிக்காதவை. மாதச் சந்தா கட்டி, பை தைக்கும் கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். மாதிரித் தாள், துணி, லைனிங், ஜிப் எல்லாம் மாதாமாதம் அஞ்சலில் வந்துவிடுகின்றன. "துணி அழகா இருக்கு தங்கச்சி, வெட்டத்தான் மனசு வரல" என்றார். அரங்கில் சிரிப்பு, அவர் சிரிக்கவில்லை.

பயம் நியாயமானதே. பெட்டியில் ஒரு பைக்கான துணிதான் இருக்கும். ஆகவே முதலில் தையலுக்கு விடும் ஓரத்தைப் பாருங்கள். சில மாதிரிகளில் கால் அங்குலம், சிலவற்றில் அரை அங்குலம். கால் அங்குலத்தை அரையாகத் தைத்து, ஜிப்பை விட வாய் குறுகிய பை ஒன்று என் வீட்டில் இன்னும் கிடக்கிறது!

அடுத்து, சூட்டில் ஒட்டும் உள்துணி. பை நிமிர்ந்து நிற்பது அதனால்தான். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை இழுக்காதீர்கள், சுருக்கம் விழும். அழுத்தி எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். தடித்த அடுக்குகளுக்கு 14 அல்லது 16ஆம் எண் ஊசி வேண்டும். கைப்பிடியின் நுனியைச் சதுரமாகத் தைத்து, நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரு தையல் போட்டால் பாரம் தாங்கும்.

2023 ஜூலை முதல் சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். அதனால் ஜிப் இல்லாத சந்தைப் பையில் தொடங்குவதே என் யோசனை. அதையும் முதலில் பழைய படுக்கை விரிப்பில் வெட்டிப் பாருங்கள். அக்காவிடம் இதைச் சொல்லி, மூன்றும் தைத்து முடியும்வரை சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கவும் சொன்னேன்.