வாக்கியப் பட்டறை – 12: பால் வண்டி டிரைவர்கள் பேசிய இலக்கணம்

ஆங்கில வாக்கியத்தில் அடுக்கிச் சொல்பவை எல்லாம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னால், அது ஏதோ மேடைப் பேச்சுக்கான அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பாடப்புத்தகங்களும் அதற்குக் காரணம். ‘பேரலல் ஸ்ட்ரக்சர்’ என்று தலைப்புப் போட்டதும் 1863இல் லிங்கன் கெட்டிஸ்பர்கில் ஆற்றிய உரைக்குப் போய்விடுவார்கள். நல்ல உரைதான். ஆனால் லீவு லெட்டரும் பயோடேட்டாவும் எழுதுகிற நமக்கு, லிங்கனைவிட மெய்ன் மாநிலத்துப் பால் வண்டி டிரைவர்கள்தான் சரியான வாத்தியார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற மெய்னில், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. சில வேலைகளுக்கு மட்டும் இந்த ஓவர்டைம் கிடையாது. எவை என்று சட்டம் வரிசையாகச் சொன்னது: விளைபொருள், இறைச்சி, மீன், கெட்டுப்போகும் உணவு ஆகியவற்றின் ‘கேனிங், ப்ராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீஸிங், டிரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’. போர்ட்லண்டு நகரத்து ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி இதைக் காட்டி, பாலைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவது டிஸ்ட்ரிபியூஷன், ஆகவே டிரைவர்களுக்கு ஓவர்டைம் இல்லை என்றது. டிரைவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

பத்திரிகைகள் இதைக் கமா வழக்கு என்றே எழுதின. ‘ஷிப்மென்ட்’டுக்குப் பின்னால் ஒரு கமா இருந்திருந்தால் டிரைவர்கள் வாயைத் திறந்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கமாவின் புகழில், எனக்கு அதைவிடப் பிடித்த இன்னொரு வாதம் அமுங்கிப்போனது. கேனிங் தொடங்கி பேக்கிங் வரை விலக்கப்பட்ட வேலை ஒவ்வொன்றும் ‘இங்’ என்று முடிகிறது, பாருங்கள் என்றது டிரைவர் தரப்பு. டிஸ்ட்ரிபியூஷன் அப்படி முடியவில்லை. ஷிப்மென்ட்டும் முடியவில்லை. ஆகவே அவை இரண்டும் ஒரு ஜோடி. இரண்டும் பேக்கிங்குக்குக் கீழே வருபவை. அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்கிறவருக்குத்தான் ஓவர்டைம் கிடையாது. டிரைவர்களோ எதையும் பேக் செய்வதில்லை.

கம்பெனியிடமும் சரக்கு இருந்தது. பேக்கிங்தான் வரிசையில் கடைசி என்றால் அதற்கு முன்னால் ‘ஆர்’ வந்திருக்க வேண்டுமே, எங்கே? ஷிப்மென்ட், டிஸ்ட்ரிபியூஷன் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பொருள், சேர்த்துப் போடுவானேன்? கீழ்க் கோர்ட் கம்பெனி பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் அப்பீல் கோர்ட் அதை மாற்றியது. வாக்கியத்தை இரண்டு விதமாகவும் படிக்க இடமிருக்கிறது. அந்த நிலையில் கூலிச் சட்டத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகப் படிப்பதே மெய்னின் மரபு என்பது தீர்ப்பின் சாரம். மறு வருடம் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி முடித்தது.

சட்டமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியபோது கமாக்களை எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளைப் போட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ‘டிஸ்ட்ரிபியூஷன்’ இப்போது ‘டிஸ்ட்ரிபியூட்டிங்’.

தமிழில் இந்தத் தகராறு இவ்வளவு சுலபமாக வராது. ‘அண்ணனும் தம்பியும் மாமாவும்’ என்கிறபோது எண்ணும்மை ஒவ்வொரு பேரிலும் ஒட்டிக்கொண்டு, யார் யார் இந்த வரிசை என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘அண்டு’ கடைசியில் ஒருமுறைதான் வரும். மற்றதெல்லாம் சொற்களின் வடிவம்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று: ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பினேன்’ என்று கடைசிச் சொல்லை மட்டும் வேறு வடிவில் வைத்து முடிப்பது நமக்குப் பழக்கம். அது நம் காதில் உறுத்தாது. ஆங்கிலக் காதில் உறுத்தும்.

பயோடேட்டாவில் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: ‘மை டியூட்டீஸ் இன்க்ளூட் மெயின்டெய்னிங் அக்கவுன்ட்ஸ், ப்ரிப்பேரிங் பில்ஸ் அண்டு டு கால் கஸ்டமர்ஸ்.’ முதல் இரண்டைப் படித்தவர் மூன்றாவது ‘இங்’குக்குத் தயாராக இருக்கிறார், வருவதோ ‘டு’. ‘காலிங் கஸ்டமர்ஸ்’ என்றால் போதும், தடங்கல் போய்விடும்.

வரிசை நேராக இருந்தால் பின்னால் வருகிறவர் அதில் புதுச் சொல்லைச் செருகவும் முடியும். நம் அரசமைப்பின் முகப்புரையில் முதலில் ‘சாவரின் டெமாக்ரடிக் ரிபப்ளிக்’ என்றுதான் இருந்தது. 1976இல் 42ஆவது திருத்தம் ‘சோஷலிஸ்ட்’, ‘செக்யுலர்’ இரண்டையும் நடுவில் சேர்த்தது. அரசியல் சர்ச்சை இன்றும் ஓயவில்லை. இலக்கணத்தில் ஒரு சலசலப்பும் இல்லை. நான்குமே ரிபப்ளிக்குக்கு அடைமொழிகள்.

அதற்காக எல்லாவற்றையும் இழுத்து வரிசையில் நிறுத்தவும் கூடாது. ‘ஷீ இஸ் ஆனஸ்ட், பங்க்சுவல் அண்டு ஃப்ரம் திண்டுக்கல்’ என்ற வாக்கியத்தை எப்படித் திருத்துவது? திண்டுக்கல்லை அடைமொழியாக்கப் பார்க்காதீர்கள். நேர்மையும் நேரம் தவறாமையும் அவருடைய குணங்கள். திண்டுக்கல் அவருடைய ஊர். ஊருக்குத் தனியாக ஒரு வாக்கியம் கொடுத்துவிடுங்கள்.